கிராமத்தில் ரத்த அழுத்தப் பரிசோதனை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு மேசை, ஒரு கருவி, இரண்டு நாற்காலிகள் இருந்தால் மாலைக்குள் ஊரில் நூறு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிடலாம். அவர்களில் அளவு கூடியிருந்தவர்கள் ஆறு மாதம் கழித்து என்ன ஆனார்கள் என்று கேட்டால், பெரும்பாலான முகாம்களிடம் பதில் இருக்காது. யாருக்கு அதிகம் என்று கண்டுபிடிப்பதோடு வேலை நின்றுவிடுவதுதான் காரணம்.

30 முதல் 79 வயதுக்குள் சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். சாலையும் மருத்துவரும் எட்டத்தில் இருக்கும் ஊர்களில் இந்த இடைவெளி இன்னும் கூடும்.

சுகாதாரப் பணியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஊர் இளைஞர் குழுக்களுக்கும் எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கடைசியில் செய்யலாம் என்று முதல் படியைத் தள்ளிப்போடுவதால்தான்.

1. அனுப்பப்போகும் இடத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

கருவி வாங்குவதற்கு முன், தேதி குறிப்பதற்கு முன், அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். மருத்துவர் எந்தெந்த நாட்களில், எத்தனை மணி வரை இருப்பார்? ரத்த அழுத்த மாத்திரைகள் இப்போது இருப்பில் உள்ளனவா? ஒரு முறை வந்தால் எத்தனை நாளுக்கு மருந்து கொடுப்பார்கள்? நீங்கள் அனுப்பும் சீட்டோடு வருபவரை யார் பார்ப்பார்?

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும் மருந்து கிடைக்குமானால், கூலி வேலைக்குப் போகும் ஒருவர் வாரம் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுவார். நிலையான அளவில் உள்ளவர்களுக்கு ஒரு மாதத்துக்கோ அதற்கு மேலோ மருந்து தர முடியுமா என்று முகாமுக்கு முன்பே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

இருப்பு போதாது என்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். மருந்துக்கு வழியில்லாமல் ஒருவரிடம் "உங்களுக்கு அழுத்தம் அதிகம்" என்று சொல்வது அவருக்குக் கவலையை மட்டுமே கொடுக்கும். அடுத்த முறை நீங்கள் கூப்பிட்டாலும் அவர் வரமாட்டார்.

2. கருவியும் கைப்பட்டையும்

மேல் கையில் சுற்றும் தானியங்கிக் கருவியே இந்த வேலைக்கு ஏற்றது. துல்லியம் முறைப்படி சோதிக்கப்பட்ட மாடலா என்று பார்த்து வாங்குங்கள். இணையத்தில் 'ஸ்ட்ரைட் பிபி' போன்ற பட்டியல்கள் இலவசமாகவே இருக்கின்றன. மணிக்கட்டில் கட்டும் கருவிகள் வேண்டாம். கை சற்றே மேலோ கீழோ போனாலும் எண் மாறிவிடும். பாதரசக் கருவிகளை, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின்படி உலகம் கைவிட்டு வருகிறது. முள் காட்டும் கருவி பையில் உருண்டு அடிபட்டால் அளவு தவறும். அதை அவ்வப்போது சரிபார்க்க ஏற்பாடு இல்லாவிட்டால் நம்பாதீர்கள்.

கருவியைவிடக் கவனம் தேவைப்படுவது கைப்பட்டைக்குத்தான். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாகக் கூடும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைக் கட்டினால் குறையும். கிராமத்தில் இந்த இரண்டு வகைக் கைகளையும் ஒரே வரிசையில் பார்ப்பீர்கள். அதனால் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவுகளிலும் பட்டை இருக்க வேண்டும். கூடவே ஓர் அளவு நாடா. பெட்டியோடு வந்த ஒரே பட்டையை எல்லோருக்கும் கட்டுவது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை.

உபரி பேட்டரிகள், பதிவேடு, இரண்டு பிரதிகள் எழுதக்கூடிய பரிந்துரைச் சீட்டுகள், முதுகுச் சாய்வுள்ள நாற்காலிகள், கால் தரையில் படாத குட்டையானவர்களுக்கு ஒரு பலகை ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. ஊருக்குள் என்ன சொல்லி அழைப்பது

அறிவிப்பில் ஒரே ஒரு செய்தி போதும்: உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்று நீண்ட பட்டியல் போட்டு மிரட்டினால் பயந்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

மூன்று நம்பிக்கைகளை எங்கும் எதிர்கொள்வீர்கள். "எனக்குத் தலைவலியோ தலைசுற்றலோ இல்லை, அதனால் அழுத்தமும் இல்லை." "கோபப்படுபவர்களுக்குத்தான் அது வரும்." "மாத்திரையைத் தொடங்கினால் நிறுத்த முடியாது, அதனால் தொடங்காமல் இருப்பதே நல்லது." மூன்றாவதுதான் அதிகம் சேதம் செய்கிறது. மாத்திரை உடலை அடிமைப்படுத்துவதில்லை. அழுத்தம் நீடித்து இருப்பதால்தான் மருந்தும் நீடிக்கிறது என்று பொறுமையாக விளக்குங்கள். இதை நீங்கள் சொல்வதைவிட, பல ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொண்டு வயல் வேலையும் பார்க்கும் அதே ஊர்க்காரர் ஒருவர் சொன்னால் எடுபடும். அவர் சம்மதித்தால் அறிவிப்புக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும் வரலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். "எனக்குத்தான் இருப்பது தெரியுமே" என்று அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். மருந்து எடுத்தும் அளவு குறையாதவர்களைக் கண்டுபிடிப்பது, புதியவர்களைக் கண்டுபிடிப்பதற்கு இணையான வேலை.

4. நேரத்தையும் இடத்தையும் ஆண்களை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்

முற்பகல் பத்து மணிக்கு முகாம் வைத்தால் முதியவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும் வருவார்கள். உழைக்கும் வயதிலுள்ள ஆண்கள் வரமாட்டார்கள். பரிசோதனையில் அதிகம் விடுபடுவது அவர்கள்தான். வேலைக்குக் கிளம்பும் முன் அதிகாலையிலோ, வேலை முடிந்து ஓய்ந்த பின் மாலையிலோ ஒரு சுற்று வையுங்கள். வேலைத்தளத்துக்கே போனால் இடைவேளையின் இறுதியில் அளவெடுங்கள். சுமை இறக்கிய கையோடு எடுக்காதீர்கள்.

இடம் நிழலாகவும் அமைதியாகவும் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி அருகில் வேண்டாம். காத்திருக்கும் இடமும் அளக்கும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். நடுவில் ஒரு திரை போதும். ஒருவரின் எண்ணைப் பக்கத்திலிருப்பவர் கேட்கக் கூடாது. சிறிய ஊரில் அந்த எண் மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். திருமணப் பேச்சையோ வேலை வாய்ப்பையோ கூட அது பாதிக்கக்கூடும்.

கழிப்பிடம் அருகில் இருப்பது அவசியம். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

5. அளவெடுத்தல்

மற்ற எல்லாப் படிகளையும் சரியாகச் செய்து இங்கே அவசரப்பட்டால் எல்லாமே வீண். ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்திருந்தால் அவசரத்தில் எதையும் விடமாட்டீர்கள்.

வரவேற்கும் இடத்திலேயே கேளுங்கள்: கடந்த அரை மணி நேரத்தில் காபியோ தேநீரோ குடித்தாரா, புகைத்தாரா, புகையிலை மென்றாரா, வேகமாக நடந்தோ சைக்கிள் மிதித்தோ வந்தாரா? 'ஆம்' என்றால் காத்திருக்கச் சொல்லுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை அளவை ஏற்றிவிடும். பலர் கூச்சத்தால் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்கட்டும். பாதங்கள் தரையில் முழுதாகப் பதியட்டும். கால்மேல் கால் வேண்டாம். வெயிலில் நடந்து வந்த முதியவர் ஒருவருக்கு உட்கார்ந்த உடனே 168/94 (முன்னது மேல் எண், பின்னது கீழ் எண்) காட்டிய கருவி, பத்து நிமிடம் கழித்து 142/86 காட்டியதைப் பார்த்திருக்கிறேன். முதல் எண்ணோடு அவரை அனுப்பியிருந்தால் தேவையில்லாமல் பயந்திருப்பார். ஐந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒருவர் அளவெடுக்கும்போதே அடுத்த நால்வர் ஓய்ந்திருக்கும்படி செய்தால் நேரம் வீணாகாது.

பட்டையை வெறும் கையில் கட்டுங்கள். துணிக்கு மேல் கட்டினால் அளவு தவறும். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி மேலே தள்ளுவதும் தவறுதான்: சுருண்ட துணி கையை இறுக்கிப் பிடித்து ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கையைச் சட்டையிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். திரை வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்களுக்குப் பெண் பணியாளரே பட்டை கட்டட்டும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். பட்டைக்கும் கைக்கும் நடுவே இரண்டு விரல்கள் நுழைந்தால் இறுக்கம் சரி.

கை மேசைமேல் தளர்ந்து கிடக்க வேண்டும். பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை இதயத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் அளவு ஏழு, எட்டு புள்ளி கூடிவிடும். உயரம் குறைந்த மேசைகளால் வரும் பிழை இது. கைக்கு அடியில் ஒரு மடித்த துணியை வைத்தால் தீர்ந்தது. கையை அவரே அந்தரத்தில் தூக்கிப் பிடிக்கவும் கூடாது.

கருவி ஓடும்போது இருவரும் பேசக் கூடாது. இதுதான் மிகக் கடினம். நலம் விசாரிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம், ஆனால் பேச்சு எண்ணை ஏற்றும். "முடிந்ததும் பேசுவோம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுங்கள். முதல் அளவு பெரும்பாலும் பதற்றத்தால் கூடியிருக்கும். அதை விட்டுவிட்டு கடைசி இரண்டின் சராசரியைக் கணக்கில் கொள்ளுங்கள். மூன்று எண்களையும் கருவி காட்டியபடியே எழுதுங்கள். ஒரு பக்கம் முழுக்க 120/80, 130/80, 140/90 என்றே இருந்தால் அங்கே யாரோ தோராயமாக எழுதுகிறார்கள் என்று பொருள். உண்மையான அளவுகள் 137/84 என்றும் 151/93 என்றும்தான் வரும்.

முதல் முறை வருபவருக்கு இரு கைகளிலும் பாருங்கள். மேல் எண்ணில் பத்துக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் அதிகமாகக் காட்டும் கையையே அடுத்தடுத்த முறைகளில் பயன்படுத்துங்கள். எந்தக் கை என்று எழுதி வையுங்கள். வித்தியாசம் இருபதைத் தாண்டினால் சீட்டில் குறிப்பிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். டயாலிசிஸ் செய்யும் கையிலோ, மார்பகப் புற்றுநோய் அறுவை நடந்த பக்கத்துக் கையிலோ பட்டை கட்டக் கூடாது.

மணிக்கட்டில் நாடியையும் பிடித்துப் பாருங்கள். சீரில்லாமல் துடித்தால் தானியங்கிக் கருவியின் எண்ணை நம்ப முடியாது. அந்தச் சீரின்மையே பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் இதயத் துடிப்புக் கோளாறின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

6. எண்ணைப் பார்த்து முடிவெடுத்தல்

இரண்டு எண்களும் வெவ்வேறு பிரிவில் விழுந்தால் மோசமான பிரிவே அவருடைய பிரிவு. 136/94 என்றால் கீழ் எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

மேல் எண் 130-க்கும் கீழ் எண் 85-க்கும் குறைவாக இருந்தால் இயல்பு. சர்க்கரை நோய், உடல் பருமன், புகைப்பழக்கம், குடும்பத்தில் பக்கவாதம் போன்றவை இருந்தால் ஓராண்டுக்குள் மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 130 முதல் 139 வரையோ கீழ் எண் 85 முதல் 89 வரையோ இருந்தால் எல்லையில் இருக்கிறார். உப்பு, எடை, புகை பற்றிப் பேச இதுவே நல்ல தருணம்.

140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மறு அளவீட்டுக்கு நாள் குறியுங்கள். இரு வேறு நாட்களில் இந்த எல்லையைத் தொட்டால்தான் உயர் ரத்த அழுத்தம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. அளவு 160/100-ஐத் தாண்டினால் மறு அளவீடு சில நாட்களுக்குள் நடந்துவிட வேண்டும்.

180/110-க்கு மேல் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர ஊர்தியை அழையுங்கள். இந்த அறிகுறிகள் இருந்து எண் சாதாரணமாகக் காட்டினாலும் அதையே செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கொடுப்பதும், நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து வேகமாக இறக்கப் பார்ப்பதும் ஆபத்து: அழுத்தம் திடீரென்று சரிந்தால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் ரத்தம் குறைந்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கும் பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் உள்ளவர்களுக்கும் இந்த எல்லைகள் பொருந்தாது. அவர்களுக்கு 140/90 என்றாலே அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 160/110 என்றால் அது அவசரநிலை. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் வீக்கம் ஆகியவற்றைக் கேட்காமல் எந்தக் கர்ப்பிணியையும் அனுப்பிவிடாதீர்கள்.

7. அவரிடம் எப்படிச் சொல்வது

முதல் நாளிலேயே "உங்களுக்கு நோய் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள், அது இன்னும் உறுதியாகவில்லை. "ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்" என்றும் சொல்லாதீர்கள், அவர் திரும்பி வரமாட்டார். இப்படிச் சொல்லலாம்: "ஐயா, இன்றைக்கு அளவு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. ஒரு நாள் அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகும் முன் இங்கேயே இன்னொரு முறை பார்த்துவிடுவோம். அப்போதும் இப்படியே இருந்தால் எங்கே போக வேண்டும் என்று நானே சொல்கிறேன்."

அதில் நாள், நேரம், இடம் மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். "முடிந்தால் ஒரு நாள் மருத்துவரைப் பாருங்கள்" என்ற அறிவுரை யாரையும் எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை.

கேட்க மறக்கக் கூடாத ஒரு கேள்வி: மூட்டுவலிக்கோ உடம்புவலிக்கோ அடிக்கடி மாத்திரை போடுகிறாரா? உடலுழைப்பாளர்கள் பலர் கடையில் தாங்களே வாங்கிப் போடும் டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள், சில சளி மருந்துகளும் அப்படியே. இருந்தால் சீட்டில் எழுதுங்கள்.

உப்பைப் பற்றிப் பேசும்போது "குறைத்துக்கொள்ளுங்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள் என்று கரண்டியைக் காட்டிச் சொல்லுங்கள். வீட்டில் சமைப்பவரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறக் கூடாது.

8. இரண்டாம் நாள்

முகாமின் தரத்தை இந்த நாளை வைத்தே நான் மதிப்பிடுவேன். ஏழு நாட்களுக்குள், அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் அளவெடுங்கள். வராதவர்கள் பட்டியலை அன்று மாலையே எடுத்து வீட்டுக்குப் போங்கள். தொலைபேசி எண் மட்டும் போதாது. ஒரே கைபேசியைப் பல பேர் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. அதனால்தான் முதல் நாளே வீட்டு அடையாளத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாளும் அதிகமாக இருப்பவருக்குச் சீட்டு எழுதுங்கள். இரு நாட்களின் எல்லா அளவுகளும், எந்தக் கை என்பதும், இப்போது எடுக்கும் மருந்துகளும், போக வேண்டிய நாளும், அங்கே பார்க்க வேண்டியவரும் அதில் இருக்கட்டும். ஒரு பிரதி அவரிடம், ஒன்று உங்களிடம். ஒரே தெருவைச் சேர்ந்தவர்களுக்கு ஒரே நாளைக் குறித்தால் சேர்ந்து போவார்கள், தனியாகப் போகத் தயங்குபவரும் போய்விடுவார்.

9. மருந்து தொடங்கியவரைத் தொடர்வது

எந்த மருந்து என்பது மருத்துவரின் முடிவு. அவர் எழுதியதை விடாமல் எடுக்க உதவுவது உங்கள் வேலை. பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை கிராமங்களில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் அளந்து, ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை மருத்துவரோடு இணைத்த ஊர்களில் மேல் எண் மற்ற ஊர்களைவிடக் கூடுதலாக ஐந்து புள்ளி இறங்கியது. எந்தப் புதிய கருவியும் அதில் இல்லை.

முதல் இரண்டு மாதம்தான் கவனம் அதிகம் தேவை. அளவு இறங்கியதும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவார்கள். இறங்கியது மருந்தால்தான், நிறுத்தினால் ஏறிவிடும் என்று, அளவுகளைக் குறித்த அட்டையில் முன்பிருந்த அளவையும் இப்போதைய அளவையும் காட்டிச் சொல்லுங்கள். இன்னொரு கூட்டம் பக்க விளைவால் நிறுத்தும்: அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம், எனலாபிரிலால் வறட்டு இருமல் வரலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். மாற்று மருந்துகள் உண்டு, நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர்கள் வந்து சொல்கிறார்கள். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும். எனலாபிரில் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்யும்.

வீட்டுக்குப் போகும்போது "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போனது? பரவாயில்லை, சொல்லுங்கள் அம்மா" என்று கேளுங்கள். மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொல்லி மீதியையும் பாருங்கள்.

கட்டுக்குள் வரும் வரை மாதம் ஒரு முறையும், வந்த பிறகு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் அளந்தால் போதும்.

10. கணக்கு

பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் பெயரில் தொடங்கி, அடுத்த அளவீட்டு நாளில் முடிய வேண்டும். நடுவே வயது, வீட்டு அடையாளம், ஏற்கெனவே மருந்து எடுப்பவரா, மூன்று அளவுகள், இரண்டாம் நாள் அளவு, சுகாதார நிலையத்தை அடைந்த தேதி, மருந்து தொடங்கிய தேதி. கடைசி மூன்று கட்டங்கள் காலியாக இருக்கும் வரிகளே உங்கள் அடுத்த வார வேலை.

எத்தனை பேருக்கு அளந்தீர்கள் என்பதை எழுதுங்கள், ஆனால் அதைப் பெரிதாக அறிவிக்காதீர்கள். கூடுதலாக இருந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் நாள் வந்தார்கள், எத்தனை பேர் மருத்துவரை அடைந்தார்கள், ஆறாம் மாதத்தில் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே இருக்கிறார்கள் என்ற மூன்று எண்களைச் சுகாதார நிலையத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள். எந்தப் படியில் ஆட்கள் விழுந்துபோகிறார்கள் என்று அதிலேயே தெரியும். இரண்டாம் நாள் வரவு குறைவென்றால் நேரத்தை மாற்றுங்கள். மருத்துவரை அடைந்தும் மருந்து தொடங்கவில்லை என்றால் இருப்பைப் பற்றி மீண்டும் பேசுங்கள். அந்த ஓட்டை அடைபடும் வரை அடுத்த ஊரில் முகாம் தொடங்க வேண்டாம்.